எத்தனை நாளில் மக்கும்? டப்பாவில் அச்சிடட்டும்!

மருந்து அடித்து முடிந்ததும் தெளிப்பானை வாய்க்காலில் முக்கிக் கழுவுவது பல ஊர்களில் காணும் காட்சி. டப்பாவின் அடியில் மிஞ்சிய மருந்தும் அந்தத் தண்ணீரோடு போகிறது. "ஓடுகிற தண்ணீர்தானே, ஒரு நாளில் போய்விடும்" என்பது கழுவுகிறவரின் எண்ணம். ஆனால் அந்த வாய்க்கால் கண்மாயில் போய்ச் சேருகிறது. கண்மாயில் மாடு தண்ணீர் குடிக்கிறது, மீன் வளர்கிறது. கரையோரக் கிணறுகளுக்கும் கண்மாயின் ஊற்றே ஆதாரம். மருந்து ஒரு நாளில் அழிந்ததா, ஒரு வருடம் தங்கியதா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. வாடை போனால் விஷமும் போயிற்று என்று நினைப்பது தவறு.

இதைக் கண்டறியச் சோதனைகள் இருக்கின்றன. அவற்றின் முடிவு கம்பெனியின் கோப்பில் கிடக்கிறது. காசு கொடுத்து வாங்குகிற விவசாயியின் கைக்கு வருவதில்லை. இந்த நிலை மாற வேண்டும்.

எருக்குழி சொல்லும் பாடம்

மக்குவது என்றால் என்ன என்று விவசாயிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எருக்குழியில் போட்ட பச்சைத்தழை சில வாரங்களில் கரைகிறது. வைக்கோலுக்கு மாதங்கள் ஆகின்றன. தேங்காய் ஓடு வருடக்கணக்கில் கிடக்கிறது. பாலிதீன் பை அப்படியே இருக்கிறது. குழியிலுள்ள நுண்ணுயிர்கள் எதைத் தின்ன முடிகிறதோ அது மக்குகிறது. தின்ன முடியாதது மிஞ்சுகிறது. தண்ணீரில் கலந்த ரசாயனத்துக்கும் இதே நியதிதான்.

சோதனை நடக்கும் விதம்

பாரிசில் தலைமையகம் கொண்ட பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு, 1981இல் இதற்கு ஒரு சோதனை முறையை வகுத்து, 1992இல் திருத்தியது. 301 என்ற எண் கொண்ட இம்முறையில் ஆறு வகைகள் உண்டு. அவற்றில் எளிதானது மூடிய பாட்டில் சோதனை.

தாது உப்புகள் மட்டும் கரைத்த சுத்தமான தண்ணீரைப் பாட்டிலில் நிரப்புகிறார்கள். லிட்டருக்கு 2 முதல் 10 மில்லிகிராம் வரை ரசாயனம் சேர்க்கிறார்கள். சாக்கடை நீரைச் சுத்திகரிக்கும் நிலையத்திலிருந்து எடுத்த நுண்ணுயிர்களைச் சிறிதளவு விடுகிறார்கள். அந்த ரசாயனத்தைத் தவிர அவற்றுக்கு வேறு தீனி இல்லை. பாட்டிலை இறுக மூடி 28 நாட்கள் இருட்டில் வைக்கிறார்கள். நுண்ணுயிர்கள் ரசாயனத்தைத் தின்றால் மூச்சு விடும். தண்ணீரில் கரைந்துள்ள பிராணவாயு குறையும். அந்தக் குறைவை நாள் குறித்து அளக்கிறார்கள்.

ரசாயனம் முழுவதும் மக்க எவ்வளவு பிராணவாயு தேவை என்பதை முன்பே கணக்கிட்டு வைத்திருப்பார்கள். அதில் 60 சதவீதம் செலவாகியிருந்தால் ரசாயனம் தேறியதாகக் கொள்ளப்படும். நுண்ணுயிர்கள் ஒரு பகுதியைத் தம் உடம்பு வளரப் பயன்படுத்திக்கொள்வதால் 100 எதிர்பார்ப்பதில்லை. அந்த 60ஐயும் இழுத்தடித்து எட்டினால் போதாது. 10 சதவீதத்தைத் தொட்ட நாளிலிருந்து, பொதுவாக 10 நாட்களுக்குள் எட்ட வேண்டும். அப்போதுதான் "எளிதில் மக்கும்" என்ற பெயர் கிடைக்கும்.

விதையின் முளைப்புத்திறனைச் சோதிக்கும்போது, நன்றாக முளைக்கும் என்று தெரிந்த விதையையும் பக்கத்தில் போட்டுப் பார்ப்பது புத்திசாலித்தனம். இங்கும் அப்படியே. எளிதில் மக்கும் சோடியம் பென்சோயேட் போன்ற பொருள் இன்னொரு பாட்டிலில் இருக்கும். அது 14 நாட்களில் தேறாவிட்டால் சோதனையே செல்லாது. ரசாயனமே நுண்ணுயிர்களைக் கொன்றுவிடுகிறதா என்று பார்க்கவும் தனிப் பாட்டில் வைப்பதுண்டு.

நுரை கற்றுக் கொடுத்தது

இத்தகைய சோதனைகளின் தேவையை உலகுக்கு உணர்த்தியது சலவைத் தூள். 1950களில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் புதிய சலவைத் தூள்கள் பரவின. ஆறுகளில் நுரை மலைபோல் குவிந்தது. அத்தூள்களில் இருந்த சேர்மத்தின் அமைப்பு கருவேல முள்போல் கிளை கிளையாக இருந்ததால் நுண்ணுயிர்களால் அதைத் தின்ன முடியவில்லை. மேற்கு ஜெர்மனி 1961இல் சட்டம் கொண்டுவந்தது. மக்காத சலவைத் தூளுக்கு 1964 முதல் அங்கே இடமில்லாமல் போயிற்று. கம்பெனிகள் கிளையில்லாத நேரான சேர்மத்துக்கு மாறின. நுரை அடங்கியது. சட்டம் கேட்டபோது கம்பெனிகளால் மாற முடிந்தது. இதை மறந்துவிடக் கூடாது.

மறைவது வேறு, மக்குவது வேறு

மருந்து தண்ணீரில் தென்படவில்லை என்பதால் மட்டும் அது மக்கிவிட்டது என்று பொருளல்ல. சைபர்மெத்ரின் மீனுக்குக் கொடிய விஷம். அது தண்ணீரிலிருந்து விலகிச் சேற்றில் ஒட்டிக்கொள்ளும். தண்ணீரை மட்டும் சோதித்தால் நல்ல தண்ணீர் என்றே தோன்றும்.

சில மருந்துகள் உருமாறும். டி.டி.டி. உடைந்து டி.டி.ஈ. ஆகிறது, அது நெடுங்காலம் அழியாமல் கொழுப்பில் சேர்கிறது. இந்தியாவில் விவசாயத்துக்கு டி.டி.டி. பயன்படுத்துவது 1989இல் நிறுத்தப்பட்டது. எண்டோசல்ஃபான் உடைந்தால் எண்டோசல்ஃபான் சல்ஃபேட் உண்டாகிறது. தாயைவிட அதிக நாள் தங்கும் பிள்ளை அது. கேரளத்தின் காசர்கோடு முந்திரித் தோப்புகளில் ஹெலிகாப்டரிலிருந்து தெளிக்கப்பட்ட அம்மருந்துக்கு உச்ச நீதிமன்றம் 2011இல் தடை விதித்தது. அதுவரை எத்தனையோ ஆண்டுகள் அது கடைகளில் தாராளமாக விற்றது.

முக்கோணம் சொல்லாதது

பூச்சிமருந்து டப்பாக்களில் வண்ண முக்கோணம் இருப்பதை எல்லா விவசாயிகளும் அறிவர். 1971ஆம் ஆண்டு விதிகளின்படி சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்ற வரிசையில் விஷத்தின் கடுமை குறைகிறது. தின்றாலோ தோலில் பட்டாலோ உடனே எவ்வளவு கேடு என்பதைத்தான் அந்த வண்ணம் காட்டுகிறது. தண்ணீரில் எத்தனை நாள் தங்கும் என்பதை அது காட்டுவதில்லை. பச்சை முக்கோணத்தைப் பார்த்து வாய்க்காலுக்கும் ஆபத்தில்லை என்று முடிவு கட்டினால் ஏமாற நேரிடும். அறுவடைக்கு முன் காத்திருக்க வேண்டிய நாட்களும் விளைபொருளுக்குச் சொன்னவையே. கிணற்றுக்குச் சொன்னவை அல்ல.

ஆகவே டப்பாவிலோ உடன் வரும் தாளிலோ மூன்று வரிகள் தமிழில் அச்சிடப்பட வேண்டும். மருந்து எளிதில் மக்குமா, மக்காதா? தண்ணீரிலும் மண்ணிலும் பாதியாகக் குறைய எத்தனை நாள் ஆகும்? உடைந்தபின் மிஞ்சுவது தீங்கானதா?

சோதனைச்சாலைக் கணக்கு வயலுக்குப் பொருந்தாது என்று ஆட்சேபம் எழலாம். அதில் உண்மை உண்டு. பாட்டில் சுமார் 22 டிகிரி வெப்பத்தில் இருக்கிறது. வெயில் காயும் குளத்தில் மருந்து விரைவாக மக்கலாம். நுண்ணுயிர் குறைந்த ஆழ்கிணற்றில் தாமதமாகலாம். பாட்டிலில் தேறாத மருந்து மண்ணில் மெல்ல மக்கவும் கூடும். பூச்சிமருந்துகளில் பல இந்த 28 நாள் சோதனையில் தேறுவதில்லை. அதனால்தான் மண்ணிலும் சேற்று நீரிலும் தனிச் சோதனைகள் செய்கிறார்கள். விதைப் பையில் அச்சிட்ட முளைப்புத்திறனும் எல்லா வயலிலும் அப்படியே கிடைப்பதில்லை. அதற்காக அதை அச்சிட வேண்டாம் என்று எவரும் சொல்வதில்லை. இரண்டு மருந்துகளில் எது மேல் என்று ஒப்பிட அளவுகோல் வேண்டும்.

விவசாயி குழம்பிவிடுவார் என்பதும் சரியல்ல. கூட்டுறவுக் கடனுக்கு வட்டி கணக்கிடத் தெரிந்தவருக்கு இது எம்மாத்திரம்? 30 நாளில் பாதி குறையும் மருந்து 60 நாளில் முழுவதும் போய்விடாது. கால் பங்கு மிஞ்சும். 90 நாளில் அரைக்கால் பங்கு மிஞ்சும். மாதம் ஒருமுறை தொடர்ந்து அடித்தால் மிச்சத்தின் மேல் மிச்சம் ஏறி, ஒரு தடவை அடிக்கும் அளவைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வரை நிலத்தில் நிற்கும். இந்தக் கணக்கு தெரிந்தால் தேவையில்லாத நாலாவது தெளிப்பைப் பலர் தாமாகவே விட்டுவிடுவார்கள்.

விதியைத் திருத்த வேண்டியது மத்திய அரசு. அதுவரை மாநில வேளாண்மைத் துறை காத்திருக்க வேண்டியதில்லை. வட்டாரத்தில் விற்கும் மருந்துகளின் பட்டியலை, தங்கும் நாட்களோடு, வேளாண்மை விரிவாக்க மையத்தின் சுவரில் எழுதி வைக்க எந்தச் சட்டமும் தடையில்லை.

விவசாயிகள் செய்யக்கூடியவையும் உண்டு. தெளிப்பானை வாய்க்காலிலோ கிணற்று மேட்டிலோ கழுவக் கூடாது. டப்பாவை மூன்று முறை அலசி, அந்தத் தண்ணீரைத் தெளிப்பானிலேயே ஊற்றி, அதே வயலில் அடித்துவிட வேண்டும். காலி டப்பாவை ஓட்டை போட்டு, வீட்டு உபயோகத்துக்கு வராமல் செய்ய வேண்டும். மழை வரும் போலிருந்தால் தெளிப்பதைத் தள்ளிப்போட வேண்டும். வாய்க்கால் ஓரம் சில அடி அகலம் மருந்து படாமல் விட வேண்டும்.

அடுத்த முறை கடையில் மருந்து வாங்கும்போது, பூச்சி எத்தனை மணி நேரத்தில் சாகும் என்று கேட்பதோடு நிறுத்தக் கூடாது. மருந்து எத்தனை நாளில் சாகும் என்றும் கேட்க வேண்டும். பத்துப் பேர் கேட்டால் கடைக்காரர் கம்பெனியைக் கேட்பார். ஆயிரம் பேர் கேட்டால் டப்பாவில் அச்சாகும்.