கருவிப் பட்டியலும் கைத்திறனும்

தனியாகத் தொழில் செய்யும் மென்பொருளாளரின் பணித்தொகுப்பைத் திறந்தால் முதலில் எதிர்ப்படுவது பெயர்களின் அணிவகுப்பு. ஜாவா, பைத்தான், பிஎச்பி, மைஎஸ்க்யூஎல். அடுத்து நிறுவனங்களின் இலச்சினைகள். பிறகு ஆண்டுவாரியாக முடித்த வேலைகள். வீடு கட்டத் தெரியுமா என்று கேட்டு வந்தவரிடம் கொத்தனார் கரண்டியையும் மட்டப்பலகையையும் தூக்குக்குண்டையும் காட்டி அனுப்புவதைப் போன்றது இது.

இதனை ஒழுங்கு என்போரோடு எனக்கு உடன்பாடில்லை. கருவிக்கு ஆயுள் குறைவு. 2020 டிசம்பர் 31-உடன் ஃப்ளாஷுக்கான ஆதரவை அடோபி நிறுத்திக்கொண்டது. 'ஃப்ளாஷ் வல்லுநர்' என்று தலைப்பிட்டிருந்தவரின் முதல் பக்கம் அதோடு செல்லாக்காசானது. 'சிறுவர்களுக்கு ஊடாடும் பாடங்கள் அமைத்தல்' என்று எழுதியிருந்தவரோ வேறு கருவிக்கு மாறிக்கொண்டு அதே தலைப்பில் நீடிக்கலாம்.

சங்கரன்கோவிலில் இருந்துகொண்டு இத்தொழில் செய்பவருக்கு இது வெறும் அழகியல் விவாதமன்று, வயிற்றுப்பாடு. சென்னை நிறுவனம் ஒன்றின் வழியே இரண்டாம் கையாக வேலை வருகிறது என்று கொள்வோம். எழுதிய நிரல் இன்னொருவர் பெயரில் வெளியாகும். வாடிக்கையாளர் பெயரை வெளியிட ஒப்பந்தம் தடுக்கும். இலச்சினைகளால் ஆன தொகுப்பில் அவருக்கு இடமேது? திறன்வாரியாக அடுக்கினால் பெயர் சொல்லாமலே பேச வழியுண்டு.

ஊர் வேலைக்கும் இது பொருந்தும். விசைத்தறிக்கூடத்தில் தறிக்காரர்களின் வாரக்கூலிக்கு ஒரு நிரல். பூச்சந்தைக் கமிஷன் கடையில் அன்றன்றைய விலைப்படி விவசாயிகளின் பற்றுவரவுக்கு ஒரு நிரல். ஆண்டு வரிசையில் இவை இரண்டு உதிரிகள். 'பலருக்கு, மாறும் கணக்கில், பாக்கி தீர்த்தல்' என்ற ஒரே தலைப்பின்கீழ் வரட்டும். இவரிடம் எதற்காகப் போகலாம் என்பது ஜவுளிக்கடைக்காரருக்கும் விளங்கும். 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தபோது பழைய பில் நிரல்களைத் திருத்திக் கொடுத்தவர், 'சட்டம் மாறும்போது ஓடும் நிரலை நிறுத்தாமல் மாற்றுதல்' என்று எழுதட்டும்.

தொகுத்தவரின் அறிவு வரிசையில் தெரியும் என்பதை இலக்கிய வாசகருக்குச் சொல்ல வேண்டியதில்லை. குறுந்தொகையும் நற்றிணையும் அடியளவால் வகுக்கப்பட்டவை. அகநானூறு அடியளவோடு நிற்கவில்லை. ஒற்றைப்படை எண் என்றால் பாலை. 2, 8 என முடிந்தால் குறிஞ்சி. 4 முல்லை, 6 மருதம், 0 நெய்தல். எண்ணைக் கேட்டமாத்திரத்தில் திணை தெரிந்துவிடுகிறது. புலவர் பெயரை அகரவரிசையில் அடுக்கியிருந்தால் இந்த வசதி கிட்டியிருக்குமா? (உருத்திரசன்மருக்கு இலச்சினை ஒட்டும் வழக்கம் இல்லாதது நம் நல்லூழ்.)

வேலை கொடுப்பவர் கருவிப் பெயரைத்தானே தேடுகிறார் என்பார்கள். ஒவ்வொரு வேலைக்கும் அடியில் ஒரு வரியில் அதையும் எழுதினால் போயிற்று. இன்னோர் ஆட்சேபம் வலுவானது: திறன் என்ற பெயரில் 'முழுமையான தீர்வுகள்' போன்ற வெற்றுச் சொற்கள் புகுந்துவிடும். மெய்தான். ஆகவே ஒவ்வொரு தலைப்பின்கீழும் நடந்தேறிய வேலை ஒன்று, அதில் தன் கைபட்ட பகுதி, அது இன்றும் ஓடுகிறதா என்ற தகவல் ஆகியவை இருக்க வேண்டும். இவை இல்லாத தலைப்பைத் தயங்காமல் நீக்கிவிடலாம். ஏழு தலைப்பு வைத்திருந்தவரிடம் மூன்றுதான் மிஞ்சும் என்றால், மிஞ்சட்டுமே.