பாஸ்மாரின் கொப்பியில் இல்லாத கணக்கு



பெருநாள் முடிந்து கலியாணக் காலம் தொடங்கினால் ஊரில் ஒரே கேள்விதான். "அலுமாரி எப்ப வருமாம்?" பாஸிடம் கேட்டால் "இன்ஷா அல்லாஹ், வெள்ளிக்கிழமை" என்பார். எந்த வெள்ளிக்கிழமை என்று அவருக்கும் தெரியாது. அல்லாஹ்வை முன்வைத்துச் சொல்லும் வார்த்தையைத் தவணை சொல்லும் வார்த்தையாக்கிவிட்டோம்.

பொறுமை இழந்த பெண் வீட்டார் கடைக்குப் போய் எம்.டி.எப். பலகைத் தளபாடத்தை மாதக் கட்டணத்துக்கு எடுக்கிறார்கள். இங்கே தச்சுப் பட்டறை மூடப்படுகிறது. நம்மிடம் படித்த பிள்ளை கட்டாருக்கு விமானம் ஏறுகிறான். மர விலையைக் குறை சொல்கிறோம், இறக்குமதியைக் குறை சொல்கிறோம். அவை உண்மைதான். ஆனால் பட்டறைக்கு உள்ளேயும் ஒரு ஓட்டை இருக்கிறது.

வணிகக் கல்வி படிப்பிக்கும் நாம், பழைய மாணவர் ஒருவரின் பட்டறையில் ஒரு மாலை கொப்பியும் பேனையுமாக உட்கார்ந்தோம். தேக்கு அலுமாரி ஒன்று 95,000 ரூபாவுக்குக் கொடுத்திருந்தார். மரம் 46,000. பூட்டு, பிணைச்சல், கண்ணாடி, பொலிஷ் 11,000. உதவிப் பையனின் ஆறு நாள் கூலி 18,000. மொத்தம் 75,000. "இருபதாயிரம் லாபம் சேர்" என்றார்.

"உங்கட ஆறு நாள் கூலி எங்க?" என்று கேட்டோம். பேசாமல் இருந்தார். வேறொரு பாஸிடம் வேலைக்குப் போயிருந்தால் நாளுக்கு 3,500 வீதம் 21,000 கிடைத்திருக்கும். ஆக 1,000 ரூபா நட்டம். கரண்ட் பில், கடை வாடகை, லொறிக் கூலி இன்னும் சேர்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை தள்ளிப்போகும் காரணமும் இதற்குள்தான் இருக்கிறது. லாபம் என்று நினைத்த காசு வீட்டுச் செலவுக்குப் போய்விடுகிறது. அடுத்தவரின் அட்வான்ஸில் முந்தியவரின் மரம் வாங்கப்படுகிறது. புது ஓடர் வராவிட்டால் பழைய ஓடர் நகராது. பாஸ் சோம்பேறி இல்லை, கணக்கில் மாட்டிக்கொண்டவர்.

பிள்ளைக்குத் தவணைப் பரீட்சை வைக்காமல் கெட்டிக்காரன் என்று சொல்வோமா? பட்டறைக்கும் பரீட்சை வேண்டும். ஒரு சீ.ஆர். கொப்பியில் நான்கு விடயங்களை எழுதினால் போதும்.

1. சொன்ன திகதி, கொடுத்த திகதி.
2. வாங்கிய மரம் எவ்வளவு, கழிவாகப் போனது எவ்வளவு.
3. திருத்த வேலைக்குத் திரும்பி வந்தவை எத்தனை, ஏன்.
4. ஒவ்வொரு பொருளுக்கும் போன நாட்கள், சொந்தக் கூலியும் சேர்த்து.

மூன்று மாதம் எழுதினால் கொப்பியே வழி சொல்லும். கழிவு கூடினால், மரக்காலைக்குப் போகுமுன் எந்த அளவில் எத்தனை துண்டு என்று பட்டியல் போட வேண்டும். கதவு இறுகுது, பலகை வெடிக்குது என்று திரும்பி வந்தால், பெரும்பாலும் மரம் காயவில்லை. ஈர மரத்தில் செய்தது வெயிலில் சுருங்கும், மாரியில் ஊதும். ஒருவரால் உலர்த்தும் அறை கட்ட முடியாது. ஐந்து பட்டறை சேர்ந்தால் முடியும். நாட்கள் கூடினால், ஒரே மாதிரிக் கட்டில் காலுக்கு ஒவ்வொரு தரமும் புதிதாக அளவெடுக்காமல் ஓர் அச்சு செய்து வைக்கலாம். அட்வான்ஸ் காசை அந்தந்த ஓடரின் பெயரில் வேறாக வைப்பது எல்லாவற்றுக்கும் முதல்.

கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் வசனம்தான் குர்ஆனிலேயே மிக நீளமானது (2:282). நாம் அதை ஓதுகிறோம், கடையில் எழுதுவதில்லை.

வாங்கும் நாமும் திருந்த வேண்டும். விலையை அடித்துக் குறைத்துவிட்டு, சாமான் வீட்டுக்கு வந்த பிறகு மிச்சக் காசுக்கு அலைய வைக்கிறோமே, அதுவும் அமானிதம்தானே?

ஒரு யோசனை. உயர்தர வணிகப் பிரிவுப் பிள்ளைகள் சனிக்கிழமைகளில் இருவர் இருவராக ஒரு பட்டறைக்குப் போய் இந்தக் கொப்பியை எழுத உதவட்டும். பிள்ளைக்குக் கிரயக் கணக்கு விளங்கும், பாஸுக்குத் தன் தொழில் விளங்கும். விருப்பமுள்ள பாஸ்மார் இன்பொக்ஸில் சொல்லுங்கள். கொப்பியை நாம் வாங்கித் தருகிறோம்.