மொரோவிண்டை வடிவாக்க வேண்டாம்

2025 ஏப்ரலில் ஒப்லிவியன் ரீமாஸ்டர் வந்ததிலிருந்து, அடுத்தது மொரோவிண்ட்தான் என்று ஆளாளுக்குக் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். எங்களுக்கு ஆசையை விடப் பயம்தான் கூட.

ஒப்லிவியனில் பெரிய சேதம் நடக்கவில்லை. 2006 இன் பழைய எஞ்சினை உள்ளே ஓடவிட்டு, வெளியே அன்ரியல் 5 ஐப் போர்த்தினார்கள். (டவுன்லோட் 100 ஜிபிக்கு மேல, அது வேற வயிற்றெரிச்சல்.) மொரோவிண்ட் 2002 இல் வந்தது, அதன் கதை வேறு. அதில் விளையாடுபவருக்கு இருக்கிற சுதந்திரம், இன்றைய கொம்பனிகள் 'குறைபாடு' என்று திருத்துகிற சாமான்.

உதாரணத்துக்கு, கதைக்குத் தேவையான ஆளை நீங்கள் கொல்லலாம். விதியின் நூல் அறுந்துவிட்டது என்று கேம் எச்சரிக்கும், ஆனால் தடுக்காது. கடவுளாகக் கும்பிடப்படுகிற விவெக்கையே கொன்றாலும், யாக்ரம் பகார்னைத் தேடிப் பிடித்தால் கதையை முடிக்க ஒரு பின்வழி இருக்கு. ஒப்லிவியனில் முக்கியமான ஆட்கள் வெட்டுப்பட்டு மயங்கி விழுந்து, கொஞ்சத்தால எழும்பி நடப்பார்கள். உதென்ன கொலை?

பறப்பதும் அப்படித்தான். மொரோவிண்டில் பறக்கலாம். ஒப்லிவியனில் நகரங்கள் தனித்தனியாக லோட் ஆவதால் மதிலுக்கு மேலால் போக விட ஏலாது. அதனால் பறத்தலையே வெட்டினார்கள். செய்யிறவரின் வசதிக்காக விளையாடுபவரின் இறக்கையை வெட்டுவது அங்கேயே தொடங்கிவிட்டது.

"அம்புக்குறி இல்லாட்டி புது ஆட்கள் தொலைஞ்சு போவினம்" என்கிறார்கள். தொலையட்டுமே! வேணுமெண்டால் அம்புக்குறியை செட்டிங்ஸில் வையுங்கோ. ஆனால் "ஆற்றைக் கடந்து, பாறையில் இடப்பக்கம் திரும்பு" என்று ஊர்க்காரர் சொல்லும் வழியை எடுக்காதீர்கள். ஸ்கைரிமில் அம்புக்குறியை அணைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பல இடங்களில் குறிப்பேட்டில் வழியே இருக்காது. அணைக்கலாம், ஆனால் விளையாடேலாது.

குரல் இன்னொரு பொறி. மொரோவிண்டில் பெரும்பாலான பேச்சு எழுத்துதான். அதனால்தான் அவ்வளவு பேச்சு இருக்கு, ரசிகர்களும் தங்கள் பாட்டில் சேர்க்கிறார்கள். எல்லாத்துக்கும் நடிகர் வைத்தால் முதலில் வெட்டுப்படுவது பேச்சின் அளவு.

உண்மையான மீளாக்கம் ஏற்கனவே நடந்துகொண்டிருக்கு, சம்பளம் இல்லாமல். ஓப்பன்எம்டபிள்யூ என்ற திறந்தமூல எஞ்சினைத் தன்னார்வலர்கள் அடியிலிருந்து எழுதியிருக்கிறார்கள். உங்களிடம் இருக்கிற அசல் கேமின் கோப்புகளைக் கொடுத்தால் லினக்ஸிலும் ஓடும், பெரிய கார்ட் கேட்காது. செய்டா நீனுக்குப் பக்கத்தில் வானத்திலிருந்து விழுந்து செத்த அந்த மந்திரவாதி அதிலும் விழுகிறார். அவரின் சுருளை எடுத்து வாசித்து, இறங்குவதைப் பற்றி யோசிக்காமல் பாய்ந்தால் நீங்களும் செத்துப்போவீர்கள். பெதெஸ்டா மொரோவிண்டைத் தொடுவதென்றால், அந்தச் சாவை முதலில் அப்படியே விடட்டும்.