தவிடு எல்லார்க்கும் மருந்தன்று

2023 பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடப்பட்டது முதல் வெள்ளை இட்லி குற்றவாளிக் கூண்டில் நிற்கிறது. விக்ரோலியின் தமிழ் வீடுகளிலும் கம்பு, கேழ்வரகு உபதேசம் காலைத் தட்டுவரை வந்துவிட்டது. நலமுள்ள குடலுக்கு அது நல்லுரையே. ஆனால் கிரோன் நோயால் குடல் சுருங்கியவருக்கு அதுவே தீங்கு: செரியாத நார் குறுகிய இடத்தில் அடைத்துக்கொள்ளும். நோய் முற்றிய நாள்களில் அவருக்குப் பெரும்பாலும் ஏற்பது, தோல் நீக்கிய உளுந்தையும் இட்லி அரிசியையும் நைய அரைத்துப் புளிக்கவைத்து அவித்த இட்லி. இல்லையேல் குழையக் காய்ச்சிய அரிசிக் கஞ்சி. தேங்காய்ச் சட்னியும் மிளகாய்ப்பொடியும் விலக, வடிகட்டிய பருப்புநீர் போதும். ஆயுள் முழுவதும் கஞ்சியே என விதிப்பதும் அதே மடமையின் மறுபக்கம். நோய் தணிந்து, சுருக்கமும் இல்லையெனில், மருத்துவர் சொற்படி தோல்சீவி வேகவைத்த காய்கள் சிறிதுசிறிதாகத் தட்டுக்குத் திரும்ப வேண்டும். சராசரி மனிதருக்கு எழுதிய பரிந்துரையை நோயாளியின் இலையில் பரிமாறுவோர், அவர் குடலின் நிலையை ஒருமுறையேனும் கேட்டதுண்டா?