கோடித்துணி ஒட்டாது

இந்த வாரம் எங்கள் ஊர் ஆடித்தபசுக் கூட்டத்தைப் பற்றித்தான் எழுதுவதாக இருந்தேன். போன வருஷமும் இப்படிச் சொல்லிவிட்டுப் புளியங்குடி எலுமிச்சையைப் பற்றி எழுதியவன் நான் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். இந்தத் தடவை உறுதியாக இருந்தேன். ரதவீதியில் எங்கெங்கே வண்டியை நிறுத்தினால் திரும்ப எடுக்க முடியாது என்பது வரைக்கும் குறிப்பு எடுத்தாயிற்று. எல்லாவற்றையும் கெடுத்தது ஒரு போர்வை.

திருவிழாவுக்கு முளைத்த கடையொன்றில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆடித் தள்ளுபடி போக 899 ரூபாய். சின்னச் சின்னச் சதுரமாகப் பல நிறத் துணிகளை ஒட்டுப்போட்டுத் தைத்த போர்வை. ஆசையோடு விரலால் தடவினேன். வழவழவென்று ஓடியது விரல். ஒட்டும் அச்சு, ஒட்டைச் சுற்றி ஓடிய தையலும் அச்சு. கிட்டே போய்ப் பார்த்தால் நூல் முடிச்சைக்கூட அச்சடித்திருக்கிறார்கள். கடைப் பையன் பெருமையாகச் சொன்னான்: “பாத்தா தச்ச மாதிரியே இருக்கும் சார். ஆனா தையலே கெடையாது. அதனால பிரியவும் பிரியாது.”

‘மாதிரி’ என்ற சொல்லுக்கும் எனக்கும் ஆகாது. பிளாஸ்டிக் வாழையிலையைப் பற்றி இங்கே எழுதியிருக்கிறேன். காசு போட்டால் எரிகிற பல்பு மெழுகுவர்த்தியைப் பற்றி மூன்று வாரம் தொடர்ந்து எழுதியதில், எனக்கு வேண்டிய சாமியார் ஒருவர் என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். அந்தக் கதையை மறுபடி தொடங்கப் போவதில்லை. ஆனாலும் ஒன்று: மெழுகுவர்த்தி என்றால் உருக வேண்டாமா? உருகாத மெழுகுவர்த்தி, வாடாத பூ, பிரியாத தையல். இதையெல்லாம் வைத்துக்கொண்டு எதை வேண்டுவது? சரி, நிறுத்திக்கொள்கிறேன். நான் அந்தப் போர்வையை வாங்காமல் கோபத்தோடு வீடு வந்தேன். மறுநாள் என் வீட்டுக்காரி போய் வாங்கி வந்தாள். பேரம் பேசி 750.

அதை அலமாரியில் வைக்கத் திறந்தபோது அடித்தட்டில் அம்மாவின் போர்வை.

அதற்கு வீட்டில் தனிப்பெயர் இல்லை. ‘ஒட்டு’ என்போம். பழைய நூல்சேலை மூன்றை மடித்து அடுக்கி, மேலே துண்டு துண்டாக ஒட்டி, ஒட்டை இணைக்க ஓட்டுத்தையல் போட்டது. விசைத்தறிச் சத்தத்தில் பிறந்து வளர்ந்த ஊர் இது. துணிக்கு இங்கே பஞ்சமில்லை. தறிக்காரர் வீட்டில் கேட்டால் கூடை நிறைய வெட்டுத்துண்டு கிடைக்கும். ஆனால் அம்மா புதுத் துண்டை ஒட்டுக்குச் சேர்க்க மாட்டாள். வீட்டில் யாராவது உடுத்தி, நைந்து, சாயம் போன துணிதான் வேண்டும். எழுத்தென்றால் அவளுக்குக் கையெழுத்தும் ஜெபப்புத்தகமும்தான். அதனால் குடும்ப வரலாற்றைத் துணியில் எழுதினாள் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. அவளிடம் சொல்லியிருந்தால் “போலே” என்றிருப்பாள்.

நடுவில் கல்யாணச் சேலையின் அரக்குத் துண்டு. அதைச் சுற்றி, முதல் நற்கருணை நாளில் நான் போட்ட புதுநன்மைச் சட்டையின் வெள்ளை, வேளாங்கண்ணிக்கு நடந்து போனபோது கட்டிய காவிச்சேலை. அதன் பக்கத்தில் ஒரு மஞ்சள். அது எங்கள் சேலையே இல்லை. எதிர்வீட்டு அத்தை ஆடிச்சுற்றுக்குக் கட்டியது. தபசுக்குக் கொடியேறியதும் கோமதியம்மனை வேண்டிக்கொண்டு கோயிலுக்குள் நூற்றெட்டுச் சுற்று சுற்றுவார்கள் அல்லவா, அது. “மதினி, இது நூத்தியெட்டு சுத்து சுத்தின சேல. ஒங்க மாதாவுக்கும் ஆகும்” என்று கொடுத்துவிட்டுப் போனாள். அம்மா யோசிக்கவே இல்லை. காவிக்குப் பக்கத்தில் வைத்துத் தைத்துவிட்டாள். அத்தைக்கு நூற்றெட்டுச் சுற்று என்றால் அம்மாவுக்கு ஐம்பத்து மூன்று ஜெபமணி. ஒரு அருள்நிறை ஜெபத்துக்கு ஒரு சாண் தையல். ஐம்பத்து மூன்று சாண் ஓடினால் ஒரு ஜெபமாலை முடிந்தது.

காலடிப் பக்கம் உள்ளங்கை அளவில் ஒரு வெள்ளைத் துண்டு உண்டு. அதைப் பற்றி மட்டும் அம்மா பேசியதில்லை. பிறந்து மூன்றாம் நாள் போய்விட்ட என் தம்பியை மூடியிருந்த துணி. சாமியார் வருகிற வரைக்கும் தாங்காது என்று பாட்டியே தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்தாள். ஆபத்தில் யாரும் கொடுக்கலாம் என்பது சபை தந்த அனுமதி. பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்த அப்பா, கழுத்தில் கிடந்த உத்தரியத்தைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அதற்குப் பிறகு அவர் கோயில் படி ஏறவில்லை.

உத்தரியம் தெரியாதவர்களுக்கு: இரண்டு சிறு கம்பளித் துண்டு, இரண்டையும் இணைக்கும் கயிறு. ஒரு துண்டு நெஞ்சில், ஒரு துண்டு முதுகில். கார்மேல் மாதா அதை 1251 ஜூலை 16 அன்று சைமன் ஸ்டாக் என்ற துறவிக்குத் தந்ததாக மரபு. அதை அணிந்து சாகிறவரை நித்திய நெருப்பு தீண்டாது என்பது நம்பிக்கை. ஜூலை 16 திருநாள், அதன் கையோடு ஆடி பிறந்துவிடும்.

அம்மா போன பிறகு அந்தப் போர்வையை நான்தான் துவைத்தேன். நனைந்த துணியைப் பிழியும்போது காலடிப் பக்கம் விரலில் ஏதோ தடித்தது. வெள்ளைத் துண்டுக்கு அடியில், அடுக்குக்கு உள்ளே, கெட்டியாக இரண்டு சதுரம். கயிற்றோடு. ஆணியிலிருந்து அது எப்போது காணாமல் போனது என்று அப்பா கேட்டதே இல்லை. இருபது வருஷம் அந்தப் போர்வைக்குள்தான் தூங்கினார். அதற்குள்ளேயேதான் செத்தும் போனார்.

போர்த்தியது அணிந்த கணக்கில் வருமா? இதைக் கேட்கத் தகுந்த ஒரே சாமியார் என்னோடு பேசுவதில்லை.

ஆண்டவருக்கே இந்த ஒட்டு வேலை தெரியும். பழைய ஆடையில் கோடித்துணியை ஒட்டுப்போட்டால் அது சுருங்கிப் பழையதையும் கிழித்துவிடும் என்று அவர் சொன்னது மூன்று நற்செய்தியில் இருக்கிறது. தச்சன் மகனுக்கு இதை யார் சொல்லியிருப்பார்கள்? வீட்டில் ஊசி பிடித்த கை எதுவோ அதுதான். எனக்குத் தெரிந்த பிரசங்கங்களில் இந்த இடம் வந்தால் பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு என்று விளக்கம் போகும். எங்கள் ஊர்க்காரனுக்கு விளக்கம் வேண்டாம். தறியிலிருந்து இறங்கிய துணியில் கஞ்சி இருக்கும். முதல் தண்ணீரில் துணி சுருங்கும். அவ்வளவுதான் வேதம்.

என் முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு ஒரு சேலை எடுத்தேன். அதில் ஒரு துண்டு ஒட்டில் வர வேண்டும் என்று ஆசை. முந்தானையில் கொஞ்சம் வெட்டிக்கோயேன் என்றேன். கையில் வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்: “இது இன்னும் சுருங்கலலே.” சேலையைச் சொன்னாளா என்னைச் சொன்னாளா என்று அப்போது எனக்குச் சந்தேகம் வரவில்லை.

தேம்பாவணிக்கு வராமல் இவன் பத்தியை முடிக்க மாட்டானே என்று காத்திருப்பவர்களுக்கு, இதோ வந்துவிட்டேன். இங்கிருந்து கோவில்பட்டிப் பக்கம் போனால் காமநாயக்கன்பட்டி, வீரமாமுனிவர் பணியாற்றிய ஊர். பெஸ்கி என்பது அவர் இயற்பெயர்; இத்தாலியில் 1680இல் பிறந்து 1710இல் இந்தியா வந்தார். தேம்பாவணி எழுதியது 1726இல். மூன்று காண்டம், முப்பத்தாறு படலம், 3615 பாட்டு. காவியத் தலைவன் அந்தத் தச்சன், சூசையப்பர். ஸ்பெயின் நாட்டுக் கன்னியாஸ்திரி ஆகிர்த மரியாள் எழுதிய நூலிலிருந்து ஒரு துண்டு, வேதாகமத்திலிருந்து ஒரு துண்டு, நம் காப்பிய மரபிலிருந்து நாட்டுப் படலமும் நகரப் படலமும். யூதேயா நாட்டை அவர் பாடினால் நமக்குத் தாமிரபரணிப் பாசனம் கண்ணில் வரும். ஒட்டுப்போட்ட காவியம்தான், ஆனால் எந்த ஓரமும் இழுக்கவில்லை. ஏன் இழுக்கவில்லை என்று நானும் பல வருஷம் யோசித்திருக்கிறேன். விடை அந்தப் பதினாறு வருஷத்தில் இருக்கிறது. வந்த கையோடு அவர் காவியம் பாடியிருந்தால் கோடித்துணி. இந்தத் தமிழில் பதினாறு வருஷம் நனைந்து, காய்ந்து, சுருங்கிய பிறகு தைத்தார். பெயரையே பாருங்கள். தேம்பா அணி என்று பிரித்தால் வாடாத மாலை, தேன் பா அணி என்று பிரித்தால் தேனான பாக்களின் அணி. தையல் இருக்கிற இடம் தெரிகிறது, பிரிந்தாலும் அழகாகவே பிரிகிறது. கடைப் பையனுக்கு இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

அம்மாவின் ஒட்டுக்கு உறவுமுறை உண்டு என்பதை நான் தெரிந்துகொண்டது வெகு காலம் கழித்து. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் எல்லாப்பூர், ஹளியாள், முண்டகோடு பக்கத்துக் காட்டூர்களில் சித்திகள் இருக்கிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழி. போர்ச்சுக்கீசியரின் கோவாவிலிருந்து தப்பி மலைக்காட்டுக்குள் வந்தவர்கள் அதில் பலர். அவர்களில் இந்துவும் உண்டு, முஸ்லிமும் உண்டு, கத்தோலிக்கரும் உண்டு. மூன்று வீட்டுப் பெண்களும் பழைய துணியில் ‘கவந்தி’ தைக்கிறார்கள். அடியில் பழைய சேலை, மேலே ஒட்டு. கத்தோலிக்கப் பெண்கள் சிலுவையை வைத்துத் தைப்பதும் முஸ்லிம் பெண்கள் பிறையை வைப்பதும் உண்டு. ஹென்றி ட்ரூவல் என்ற அமெரிக்கக் கலை வரலாற்றாளர் அவர்களோடு பழகி எழுதியிருக்கிறார். வேலை முடிந்ததும் நான்கு மூலையிலும் மடித்த சிறு துண்டுகளை வைப்பார்களாம். அதற்குப் பெயர் ‘பூலா’, பூ. பூலா இல்லாத கவந்தி அம்மணமாக நிற்கிறது என்பது அவர்கள் பேச்சு.

ஒரு வேறுபாடு என்னை விடவே இல்லை. சித்திப் பெண்கள் மூலையிலிருந்து தொடங்கி ஓரத்தைச் சுற்றிச் சுற்றி உள்ளே வருவார்கள். கடைசித் தையல் நடுவில் விழும். அம்மா நடுவிலிருந்து தொடங்கி வெளியே போனவள். அவர்களுடையது முடிந்துவிடும். ஓரத்துக்கு வெளியே எப்போதும் இன்னொரு துண்டுக்கு இடமிருந்ததால் அம்மாவுடையது முடியவே இல்லை. தலைமாட்டு ஓரம் இன்றைக்கும் மடித்தடிக்காமல் பிசிறாகத்தான் நிற்கிறது.

தபசுக்கு வந்துவிடுகிறேன், ஆசிரியர் கோபித்துக்கொள்வார். சிவனையும் திருமாலையும் ஒரே உருவில் காண வேண்டும் என்று கோமதியம்மன் தபசிருந்த ஊர் இது. பாதி அவர், பாதி இவர். அந்த நாளில் கரிசல்காட்டுச் சம்சாரிகள் தங்கள் நிலத்தில் விளைந்த பருத்தியையும் வத்தலையும் அள்ளிச் சூறை விடுவார்கள். எங்கள் வீட்டு மாடியிலிருந்து அம்மாவும் எதிர்வீட்டு அத்தையும் சேர்ந்துதான் கூட்டத்தை வேடிக்கை பார்ப்பார்கள். பருத்தி பறக்கிறபோது அம்மா சிலுவை போட்டுக்கொள்வாள். அத்தை அதைப் பார்த்தாலும் ஒன்றும் சொல்ல மாட்டாள். போக்குவரத்து நெரிசல் பற்றி அடுத்த வாரம்.

அம்மா இறந்த அன்று மாமா பிறந்தவீட்டுக் கோடி கொண்டுவந்து போட்டார். கஞ்சி வாசம் அடித்தது. வாழ்நாள் முழுக்கக் கோடித்துணியை மூன்று தண்ணீர் அலசாமல் ஊசி தொடாதவள், அலசாத துணியோடு போனாள்.

நான் எடுத்துக் கொடுத்த சேலை இப்போது என்னிடம் இருக்கிறது. பத்தொன்பது வருஷம் கட்டியிருக்கிறாள். முந்தானை நைந்துவிட்டது, கரையில் சாயம் இல்லை. நேற்று அதை எடுத்து 750 ரூபாய்ப் போர்வையின் மேல் விரித்தேன். வீட்டுக்காரி ஒன்றும் கேட்காமல் ஊசியில் நூல் கோத்துக் கொடுத்துவிட்டுப் போனாள். சேலை சுருங்கிவிட்டது, அதில் சந்தேகமில்லை. தைக்கிறவன் சுருங்கிவிட்டானா என்று தெரியாமல் ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.