கண்ணில் பூ விழுமுன்

தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் என்று இரண்டு பருவம். சிற்றாறு வந்து சேரும் சீவலப்பேரிப் பக்கம் அறுப்புக் காலத்தில் நெல் சுணையோ வைக்கோல் தூசியோ கண்ணில் விழுவதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கசக்கிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். ஓரிரு நாளில் கண் சிவக்கும், வெளிச்சம் கூசும், நீர் கொட்டும். ஒருவர் தாய்ப்பால் விடச் சொல்வார், இன்னொருவர் பச்சிலைச் சாறு பிழிவார், மற்றொருவர் மருந்துக் கடையில் சொட்டு மருந்து கேட்டு வாங்குவார். கருவிழியில் வெள்ளை படர்ந்து, பூ விழுந்துவிட்டது என்று தெரிந்த பிறகு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறவர்கள் பலர்.

1994-ன் முதல் மூன்று மாதங்களில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரைப் பற்றிய ஆய்வு ஒன்று உண்டு. அவர்களில் 284 பேருக்குக் கண்ணில் பட்ட காயமே தொடக்கம். பாக்டீரியாவுக்குக் கிட்டத்தட்டச் சமமாகப் பூஞ்சையும் காரணமாக இருந்தது.

காரணம் பாக்டீரியாவா, பூஞ்சையா என்ற வித்தியாசத்தில்தான் பார்வையே இருக்கிறது. பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து பூஞ்சையை ஒன்றும் செய்யாது. ஸ்டீராய்டு கலந்த சொட்டு சிவப்பைத் தணித்து ஆளை ஏமாற்றும். உள்ளே பூஞ்சை தடையில்லாமல் பரவும். பூஞ்சைக்கு நாட்டாமைசின்தான் முதல் மருந்து என்பதைத் தமிழ்நாடு, புதுச்சேரி அரவிந்த் மருத்துவமனைகளில் 323 நோயாளிகளிடம் நடந்து 2013-ல் வெளியான ஆய்வு காட்டியது. ஆனால் இருப்பது எது என்று அறிய, புண்ணைச் சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். வளர்த்துப் பார்க்கப் பல நாள் ஆகும். அதற்குத் தேர்ந்த கையும் கண்ணும் வேண்டும். கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இது நடக்கிற காரியமா?

கண்ணீர் கைகொடுக்கக்கூடிய இடம் இது. கண்ணீரில் உள்ள லைசோசைம் கிருமிகளைக் கரைப்பதை அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1922-லேயே எழுதினார். 2012-ல் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் கண்ணீரில் 1,543 புரதங்களை இனம்கண்டார்கள். நோய் வந்தால் சில புரதங்கள் கூடுகின்றன, சில குறைகின்றன. மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் அரவிந்தும் சேர்ந்து, ஃபியூசேரியம் பூஞ்சை தாக்கியவர்களின் கண்ணீரை நலமாக உள்ளவர்களின் கண்ணீரோடு ஒப்பிட்டு 2008-ல் முடிவுகளை வெளியிட்டன. ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் பூஞ்சை பற்றிய மதுரை ஆய்வு 2017-ல் வந்தது. நம் வயல்களில் கண்ணைப் பறிகொடுத்தவர்களின் கண்ணீரிலிருந்து கிடைத்த அறிவு இது.

சோதனைக்கு அதிகம் வேண்டியதில்லை. கீழ் இமையின் ஓரத்தில் ஒரு வடிதாள் பட்டையை ஐந்து நிமிடம் வைத்தால் நனைந்துவிடும். ஊசி இல்லை, ரத்தம் இல்லை. உலர்கண் நோய்க்கு, எம்எம்பி-9 என்ற புரதத்தைக் கண்ணீரில் பத்தே நிமிடத்தில் காட்டும் பட்டைக்கு அமெரிக்காவில் 2013-ல் அனுமதி கிடைத்தது. அது அழற்சி இருக்கிறது என்று சொல்லும், எதனால் என்று சொல்லாது. அந்த இரண்டாவது கேள்விக்கு விடை தரும் பட்டைதான் நெல் விளையும் ஊர்களுக்கு வேண்டும்.

சிக்கல்களும் சிறியவை இல்லை. எரிச்சலில் கொட்டும் நீரில் புரதம் நீர்த்துப்போகும். தூங்கி எழுந்ததும் எடுக்கும் கண்ணீர் வேறு, பகலில் எடுப்பது வேறு. ஆண், பெண் கண்ணீருக்குள்ளும் வேறுபாடு உண்டு. ஒரு புரதத்தை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்ல முடியாது. சிலவற்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டும், ஆயிரக்கணக்கானோரிடம் சோதிக்க வேண்டும். ஆய்வேட்டோடு நின்றுபோகிற வேலையை மருந்துப்பெட்டி வரை கொண்டுவர அரசின் பணம் இல்லாமல் ஆகாது. வயல்வேலைக்காரரின் கண்ணுக்காகப் பெரிய கம்பெனி எதுவும் தானாக முன்வரப் போவதில்லை.

மாநில அரசு இந்தப் பட்டைக்கென்று நிதி ஒதுக்கி, அதன் கள ஆய்வை நெல்லை, மதுரை மாவட்டங்களின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடத்த வேண்டும். பட்டை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலையும் இருக்கிறது: மருத்துவர் சீட்டு இல்லாமல் ஸ்டீராய்டு கண் சொட்டு விற்பதை அடுத்த பிசான அறுப்புக்குள் நிறுத்த வேண்டும், நாட்டாமைசின் தாலுகா மருத்துவமனைகளில் எப்போதும் கையிருப்பில் இருக்க வேண்டும்.