நாயும் நியாயஸ்தலமும்

நாய் குரைப்பதில் யாருக்கும் ஆட்சேபமில்லை. அடுத்த வீட்டு நாய்கள் மூன்றும் இரவு முழுவதும் முறை வைத்துக் குரைத்தால் அதற்குப் பரிகாரம் கோர்ட்டில் உண்டா என்பதே கேள்வி. கேட்டவர் நமது நண்பர். அவருடைய தகப்பனாருக்கு இருதய நோய். இரவில் நன்றாகத் தூங்கியாக வேண்டுமென்பது டாக்டரின் கட்டளை. அடுத்த வீட்டுக்காரரிடம் இரண்டு முறை சொல்லிப் பார்த்தாயிற்று. "நாய் என்றால் குரைக்கத்தான் செய்யும்" என்று பதில் வந்ததாம். ஆகவே மனு எழுதித் தரும்படி நம்மிடம் வந்தார். உபாத்தியாயர் என்றால் ஊராருக்கு மனு எழுதக் கடமைப்பட்டவர் அல்லவா?

நண்பருக்குப் போலீஸின் மேல்தான் நம்பிக்கை. 'பொதுத் தொல்லை' என்னும் குற்றம் 1860-ஆம் வருஷத்துப் பீனல் கோடில் 268-ஆவது பிரிவாயிருந்தது. 2024 ஜூலை முதல் பாரதீய நியாய சம்ஹிதையில் 270-ஆவது பிரிவாகிவிட்டது. எண் மாறியதே தவிர விஷயம் மாறவில்லை. பொது ஜனங்களுக்கோ, அக்கம்பக்கத்தாருக்குப் பொதுவாகவோ துன்பம் நேர்ந்தால்தான் அது குற்றம். ஒரு வீட்டார் மட்டும் தூக்கமிழந்தால் போதாது. தெரு முழுவதும் திரண்டு சென்று குற்றத்தை ருசுப்படுத்தினாலும் அபராதம் ஆயிரம் ரூபாய்க்கு மேற்படாது. மூன்று நாய் வளர்க்கும் வீட்டில் அது பிஸ்கோத்துச் செலவுக்குக் காணுமா?

ஒற்றை வீட்டாருக்கு ஏற்ற இடம் சிவில் கோர்ட்டே. தன் வீட்டில் நிம்மதியாக வாழ்வதற்கு இடையூறு நேர்கிறதென்று காட்டித் தடையுத்தரவு கேட்கலாம். வழக்கு முடியும் வரையில் இடைக்காலத் தடையும் கேட்கலாம். ஆனால் அங்கே கோபம் செல்லாது, கணக்குத்தான் செல்லும். எந்தத் தேதி, எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு ஓய்ந்தது என்று நோட்டுப் புத்தகத்தில் நாள்தோறும் குறிக்க வேண்டும். ஒலிப்பதிவு, டாக்டர் சர்டிபிகேட், வேறு வீட்டார் ஒருவரின் சாட்சியம், வக்கீல் நோட்டீஸின் நகல் எல்லாம் வேண்டும். 2000-ஆம் வருஷத்துச் சப்த விதிகள் குடியிருப்புப் பகுதிகளுக்கு இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல் என்று அளவு வகுத்திருப்பதையும் எடுத்துக் காட்டலாம். இவ்வளவும் செய்தாலும், நாய்களை ஊரைவிட்டு ஓட்டும்படி உத்தரவாகுமென்று நம்பவேண்டாம். இரவில் அவற்றை வீட்டினுள் கட்டி வைக்கும்படி உத்தரவானாலே பெரியவருக்குத் தூக்கம் கிடைத்துவிடும்.

நண்பரின் மைத்துனர் இதைவிடச் சுருக்கமான வழிகள் இரண்டு சொன்னாராம். முதலாவது, மாமிசத்தில் விஷம். அது பாவமென்பது ஒருபுறமிருக்க, சம்ஹிதையின் 325-ஆவது பிரிவின்படி ஐந்து வருஷம் வரை சிறைவாசம் கிடைக்கும், வாதி பிரதிவாதியாகிவிடுவார். இரண்டாவது, நாய் குரைக்கும்போதெல்லாம் இங்கிருந்து தகர டப்பாவைத் தட்டுவது. இதற்கு 1893-ஆம் வருஷத்து ஆங்கில லா ரிப்போர்ட்டிலேயே பதில் இருக்கிறது. லண்டனில் ஒரு சங்கீத ஆசிரியை. அடுத்த வீட்டில் மரச் சித்திரம் செதுக்குபவர். சுவருக்கப்பாலிருந்து வந்தது நாயின் ஊளை என்றெண்ணி முதலில் அவர் பொறுத்துக்கொண்டிருந்தாராம். பிறகுதான் அது பாட்டென்று தெரிந்ததாம்! இப்படிப் பரிகாசமாய்க் கடிதமெழுதியதோடு நில்லாமல், பாட்டுத் தொடங்கும்போதெல்லாம் சுவரை இடித்தார், தாம்பாளத்தைத் தட்டினார், சீட்டியடித்தார், கூச்சலிட்டார். நீதிபதி நார்த், பாட்டில் தொல்லையொன்றும் காணவில்லை. தடையுத்தரவு தாம்பாளம் தட்டியவர் மேலேயே பிறந்தது.